ஒரு கிராமுக்குள் நாலரை கிரவுண்ட்: ‘துளை’ மெட்டீரியல்கள் லேபை விட்டு வெளியே வராதது ஏன்?

புது ஷூ வாங்கிப் பெட்டியைத் திறந்தால் ஓரத்தில் ஒரு குட்டி வெள்ளைப் பொட்டலம் கிடக்கும். ‘சாப்பிடாதீர்கள்’ என்று எச்சரிக்கை வேறு எழுதியிருக்கும். பலரும் அதைப் பார்த்த உடனே குப்பையில் போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பது சிலிக்கா ஜெல். பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அந்தக் குட்டி மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருப்பதால்தான் இது முடிகிறது.

இப்போது இன்னொரு காட்சி. 2025 அக்டோபர் 8-ம் தேதி வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜப்பானின் சுசுமு கிடகவா, ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் பரிசு. உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் கம்பி கட்டுவதுபோல இணைத்து, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டிய ‘எம்ஓஎஃப்’ என்ற பொருட்களுக்காகக் கிடைத்த பரிசு அது. ஹாரி பாட்டர் கதையில் ஹெர்மாய்னி வைத்திருக்கும் மாயக் கைப்பையோடு இதை ஒப்பிட்டார் நோபல் குழு உறுப்பினர் ஒருவர். வெளியே பார்த்தால் சின்னது, உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம்.

ஷூ பெட்டிப் பொட்டலத்துக்கும் நோபல் பரிசுக்கும் நடுவில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. பெயர் ‘ஒழுங்கமைந்த மீசோபோரஸ்’ பொருட்கள். 1992-ல் வெளிச்சத்துக்கு வந்தபோது இதற்கும் இதே அளவுக்கு வரவேற்பு இருந்தது. மருந்து, பேட்டரி, பெட்ரோல், தண்ணீர் சுத்திகரிப்பு என்று எல்லாவற்றையும் மாற்றப் போகிறது என்றார்கள். ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஆனால் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சாதாரண ஆளின் கைக்கு அது வந்து சேரவில்லை.

ஏன்? எம்ஓஎஃப் பற்றி இன்று சொல்லப்படும் பெரிய வாக்குறுதிகளை எடைபோட இந்தக் கதை உதவும்.

முதலில், துளைக்கு என்ன அவ்வளவு மதிப்பு?

வேதியியலில் பெரும்பாலான வேலைகள் ஒரு பொருளின் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. ஒரு வாயு ஒட்டிக்கொள்ள வேண்டுமா, ஒரு மருந்து தங்கி இருக்க வேண்டுமா, ஒரு வினை நடக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இடம் தேவை. அதே எடையில் அதிக இடம் வேண்டும் என்றால் ஒரே வழி, உள்ளே துளை போடுவது.

எவ்வளவு இடம் கிடைக்கும்? மீசோபோரஸ் குடும்பத்தில் புகழ்பெற்ற எம்சிஎம்-41 என்ற சிலிக்காவை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு கிராமில் சுமார் 1,000 சதுர மீட்டர் மேற்பரப்பு இருக்கும். சென்னைக் கணக்கில் சொன்னால் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஆக, ஒரு டீஸ்பூனில் அள்ளிவிடக்கூடிய வெள்ளைப் பொடிக்குள் ஏறக்குறைய நாலரை கிரவுண்ட் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது!

துளைகளின் அளவை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். 2 நானோமீட்டருக்குக் கீழ் இருந்தால் மைக்ரோ துளை. 2 முதல் 50 வரை மீசோ. அதற்கு மேல் மேக்ரோ. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எவ்வளவு சின்ன விஷயம் பேசுகிறோம் என்பது புரியும்.

சரி, ‘ஒழுங்கமைந்த’ என்றால்? ஆப்பத்தைப் பாருங்கள். ஓட்டை இருக்கும், ஆனால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, எது எங்கே என்று சொல்ல முடியாது. ஷூ பெட்டியின் சிலிக்கா ஜெல் அந்த ரகம். இடியாப்ப அச்சைப் பாருங்கள். எல்லா ஓட்டையும் ஒரே அளவு, வரிசையாக இருக்கும். எம்சிஎம்-41 அந்த ரகம். தேன்கூடு மாதிரி அறுகோண வரிசையில், நேரான குழாய்கள், எல்லாம் ஒரே விட்டம்.

இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட பெயர்

துளைப் பொருட்கள் ஏற்கெனவே நம் வாழ்க்கையில் இருக்கின்றன. 2021-ல் இரண்டாம் அலையின்போது ‘ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்’ என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஜியோலைட். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினால் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும். அந்த மே மாதம், ஆக்சிஜன் ஆலைகள் கட்டுவதற்காக ரோமிலிருந்து பெங்களூருவுக்கு ஏர் இந்தியா விமானங்களில் ஜியோலைட் கொண்டுவரப்பட்டது. ஒரு துளைப் பொடிக்காகச் சரக்கு விமானம் பறந்த காலம் அது.

பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகளும் ஜியோலைட்டை நம்பித்தான் ஓடுகின்றன. கச்சா எண்ணெயில் இருக்கும் பெரிய மூலக்கூறுகளை உடைத்துப் பெட்ரோலாக்கும் வினையூக்கி அதுதான். ஆனால் ஜியோலைட்டுக்கு ஒரு குறை. அதன் வாசல் ரொம்பச் சின்னது. சுத்திகரிப்பு ஆலைகளில் அதிகம் பயன்படும் ஜியோலைட்-ஒய் வகையின் வாசலே சுமார் 0.74 நானோமீட்டர்தான். கனமான எண்ணெயில் இருக்கும் பெரிய மூலக்கூறுகள் உள்ளே நுழையவே முடியாது. வாசலிலேயே நின்றுவிடும்.

அப்படியானால் இதைவிடப் பெரிய, ஆனால் இதே ஒழுங்கோடு இருக்கும் துளைகளைச் செய்ய முடியுமா? அமெரிக்காவின் மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்களுக்கு வந்த கேள்வி இது.

மூன்று முறை கண்டுபிடிக்கப்பட்ட பொருள்

1992 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் மொபில் குழு தன் பதிலை வெளியிட்டது. 1.6 முதல் 10 நானோமீட்டர் வரை, வேண்டிய அளவில் துளையை வைக்கலாம் என்று காட்டியது. எம்சிஎம்-41 என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

ஆனால் முதல் ஆள் அவர்கள்தானா என்றால், முழுவதுமாக இல்லை. ஜப்பானில் வசேடா பல்கலைக்கழகத்தின் குரோடா குழு, கனிமைட் என்ற அடுக்குச் சிலிகேட்டிலிருந்து மீசோ துளைப் பொருளை 1990-லேயே செய்து வெளியிட்டிருந்தது.

அதைவிடச் சுவாரசியமான விஷயம் 1997-ல் தெரிந்தது. அமெரிக்காவின் சில்வேனியா நிறுவனம் 1969-ல் விண்ணப்பித்து 1971-ல் பெற்ற ஒரு காப்புரிமை இருக்கிறது. ‘எடை குறைந்த சிலிக்கா’ செய்யும் முறை என்று அதில் எழுதியிருந்தார்கள். பிரான்ஸ் ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றிச் செய்து பார்த்தார்கள். வந்தது எம்சிஎம்-41 போன்ற அதே பொருள்! அதாவது, மொபில் கொண்டாடுவதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் ஒரு நிறுவனம் அதைக் கையில் வைத்திருந்தது. உள்ளே என்ன ஒழுங்கு இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

1998-ல் அடுத்த பெரிய அடி. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் கேலன் ஸ்டக்கியோடு வேலை செய்த சீன ஆய்வாளர் ஜாவோ தோங்யுவான், எஸ்பிஏ-15 என்ற புது வகையை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். துளைகள் இன்னும் பெரிது, சுவர்களும் தடிமன். எம்சிஎம்-41-ன் சுவர் ஏறக்குறைய 1 நானோமீட்டர்தான். எஸ்பிஏ-15-ல் அது 3 முதல் 6 வரை. ஜாவோ பின்பு ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்துக்குப் போய், மீசோபோரஸ் பாலிமர், கார்பன் ஆய்வுகளுக்காகச் சீனாவின் 2020-ம் ஆண்டுக்கான தேசிய இயற்கை அறிவியல் விருதின் முதல் பரிசை வென்றார்.

இந்தத் துறையில் சென்னைக்கும் ஒரு இடம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை எம்சிஎம்-41 வினையூக்கிகளில் நீண்ட காலமாக ஆய்வு செய்துவருகிறது. அங்கே ஆய்வுப் படிப்பு படித்த அஜயன் வினு, ஜப்பானில் பணியாற்றியபோது 2005-ல் மீசோபோரஸ் கார்பன் நைட்ரைடை உருவாக்கியவர். இப்போது ஆஸ்திரேலியாவின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

எப்படிச் செய்கிறார்கள்? சுவாமிமலையில் கேளுங்கள்

2 நானோமீட்டர் துளை போட டிரில் எதுவும் கிடையாது. பிறகு எப்படி?

கும்பகோணம் பக்கம் சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஸ்தபதி முதலில் மெழுகில் சிலையைச் செய்வார். அதன் மேல் மண் பூசுவார். காய்ந்ததும் சூடாக்குவார். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மண்ணுக்குள் மெழுகின் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் மிஞ்சும்.

மீசோபோரஸ் சிலிக்காவும் இதே டெக்னிக்தான். மெழுகுக்குப் பதில் சோப்பு, மண்ணுக்குப் பதில் சிலிக்கா.

முதல் படி, சோப்பு போன்ற ஒரு பொருளைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். எம்சிஎம்-41-க்கு சிடிஏபி என்ற பொருள். சாவ்லான் பாட்டிலின் லேபிளில் செட்ரிமைடு என்று பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம். இந்த மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும் தண்ணீரைப் பிடிக்காத வாலும் உண்டு. தண்ணீரில் போட்டதும் வால்கள் எல்லாம் உள்பக்கம் ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே பார்க்க, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து குச்சி வடிவம் எடுக்கின்றன. குச்சிகள் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொள்கின்றன. யாரும் அடுக்கிவைக்க வேண்டாம், தானாகவே நடக்கும்.

இரண்டாவது படி, சிலிக்கா தரும் திரவத்தைச் சேர்க்கிறார்கள். அது குச்சிகளைச் சுற்றிப் படிந்து இறுகுகிறது. உண்மையில் சிலிக்காவும் சோப்பும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு சேர்ந்தே அடுக்கைக் கட்டுகின்றன.

மூன்றாவது படி, வடிகட்டிக் காயவைத்து 500 டிகிரி செல்சியஸ் சுற்றளவில் எரிக்கிறார்கள். சோப்பு எரிந்து போய்விடும். அது இருந்த இடமெல்லாம் துளை.

துளையின் அளவை மாற்ற வேண்டுமா? சோப்பு மூலக்கூறின் வாலை நீளமாக்கினால் போதும். எஸ்பிஏ-15-க்கு சோப்புக்குப் பதில் பி123 என்ற பாலிமரைப் பயன்படுத்தினார்கள். துளை 30 நானோமீட்டர் வரை போனது.

சுவாமிமலையில் வெற்றிடத்துக்குள் உலோகத்தை ஊற்றுவார்கள் இல்லையா? அதையும் செய்தார்கள். தென்கொரியாவின் ரியோங் ரியூ குழு 1999-ல் மீசோபோரஸ் சிலிக்காவின் துளைகளுக்குள் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, அதைக் கரியாக்கி, பிறகு சிலிக்காவைக் கரைத்து எடுத்தது. கிடைத்தது ஒழுங்கான துளைகள் கொண்ட கார்பன். இதே முறையில் பல உலோக ஆக்சைடுகளையும் வார்க்கலாம்.

இதை வைத்து என்ன செய்யலாம்?

*மருந்து:* பல மாத்திரைகளில் இருக்கும் மருந்துப் பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. படிகமாக இறுகிக் கிடப்பதுதான் காரணம். அதையே சில நானோமீட்டர் துளைக்குள் அடைத்தால் படிகமாக வளர இடம் இருக்காது. உதிரியாகவே இருக்கும், வயிற்றில் வேகமாகக் கரையும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மருந்தை இப்படி அடைத்து 12 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். கடையில் விற்கும் மாத்திரையோடு ஒப்பிட்டால் உடலில் சேர்ந்த மருந்தின் அளவு 50 சதவீதத்துக்கும் மேல் கூடியது. இதற்கு நேர் எதிராக, மருந்தை மெல்ல மெல்ல வெளியே விடவும் துளைகளைப் பயன்படுத்தலாம். ஸ்பெயினின் மரியா வாலெட்-ரெஜி குழு 2001-ல் எம்சிஎம்-41-க்குள் வலி மாத்திரையான இபுபுரூஃபனை வைத்து அதைக் காட்டியது.

*விஷ உலோகம்:* துளையின் உட்சுவரில் கந்தகம் கொண்ட மூலக்கூறுகளை வரிசையாக ஒட்டவைத்தால், தண்ணீரில் இருக்கும் பாதரசம் வந்து அதில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 1997-ல் இதை வெளியிட்டது.

*பேட்டரி:* லித்தியம்-சல்ஃபர் பேட்டரியில் பெரிய தலைவலி, கந்தகம் கரைந்து ஓடிவிடுவது. கனடாவின் லிண்டா நாசர் குழு 2009-ல் கொரிய முறைக் கார்பனின் துளைகளுக்குள் கந்தகத்தை அடைத்து, அது ஓடாமல் பிடித்துவைத்தது. மின்சாரம் கடத்தும் கார்பன் சுவர், அதன் நடுவில் கந்தகம். அந்தக் கட்டுரைக்குப் பிறகு லித்தியம்-சல்ஃபர் ஆய்வே சூடுபிடித்தது.

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். மேலே இருக்கும் எல்லாமே ‘ஓர் ஆய்வில் காட்டினார்கள்’ வகை. ‘கடையில் கிடைக்கிறது’ வகை எதுவும் இல்லை.

எங்கே இடிக்கிறது? சமையல் குறிப்பைப் பாருங்கள்

1998-ல் வெளியான எஸ்பிஏ-15 செய்முறையிலேயே பதில் இருக்கிறது. ஒரு தட்டுக்கு என்னென்ன சாமான் தேவை என்று பார்ப்போம்:

● பி123 பாலிமர்: 4 கிராம்
● தண்ணீரும் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலும்: 150 கிராம்
● சிலிக்கா தரும் டிஇஓஎஸ் திரவம்: 8.5 கிராம்
● நேரம்: 20 மணி நேரம் கலக்கல், அதன்பின் ஓர் இரவு சூட்டில், அதற்கும் பிறகு 500 டிகிரியில் 6 மணி நேரம்

கடைசியில் கிடைப்பது? சுமார் இரண்டரை கிராம் பொடி.

அதாவது இரண்டரை கிராம் பொருளுக்கு 4 கிராம் அச்சை எரிக்கிறோம். ஒரு கிலோ வேண்டும் என்றால் 1.6 கிலோ பாலிமர் புகையாகப் போக வேண்டும். அதிலிருந்து மட்டும் 3 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். கார்பனைப் பிடிக்கவும் இந்தப் பொடியைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கம் ஆய்வு நடக்கிறது. முதலில் தன் கடனையே அடைக்க வேண்டிய நிலையில்தான் அது பிறக்கிறது. கூடவே 60 கிலோ அமிலத் தண்ணீரையும் எங்கேயாவது சுத்திகரிக்க வேண்டும்.

சுவாமிமலை ஸ்தபதி இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். உருகி ஓடும் மெழுகைப் பிடித்து வைத்து மறுபடி பயன்படுத்த முடியும். லேபில் பெரும்பாலும் அச்சை அப்படியே எரித்துவிடுகிறார்கள். எரிக்காமல் ஆல்கஹாலில் கழுவி அச்சை மீட்கும் முறைகளும் இருக்கின்றன. ஆனால் முழுவதும் வெளியே வராது, கழுவிய ஆல்கஹாலைப் பிரித்தெடுக்கத் தனிச் செலவு.

இரண்டாவது இடிப்பு, ஆவி. எம்சிஎம்-41-ஐ மொபில் தேடியது எண்ணெய் ஆலைக்காக. ஆனால் அங்கே வினையூக்கியைத் திரும்பத் திரும்பக் கடும் சூட்டிலும் நீராவியிலும் வறுத்தெடுப்பார்கள். ஜியோலைட் முழுவதும் படிகம், தாங்கிக்கொள்ளும். எம்சிஎம்-41-ன் துளைகள்தான் ஒழுங்கு, சுவர் கண்ணாடி போல ஒழுங்கற்றது, ரொம்ப மெல்லியதும் கூட. நீராவியில் இடிந்து விழுந்துவிடும். எந்த வேலைக்குப் பெற்றார்களோ அந்த வேலைக்கே பிள்ளை லாயக்கில்லாமல் போனது.

மூன்றாவது இடிப்புதான் முக்கியமானது. போட்டியாளர் யார் தெரியுமா? அதே ஷூ பெட்டிப் பொட்டலம்.

சாதாரண சிலிக்கா ஜெல்லிலும் 2, 3 நானோமீட்டர் அளவில் துளைகள் உண்டு. ஒரு கிராமில் 700 சதுர மீட்டர் வரை மேற்பரப்பும் கிடைக்கும். மூன்று கிரவுண்டுக்கு மேல்! சோப்பு அச்சு வேண்டாம், எரிக்க வேண்டாம், டன் கணக்கில் செய்யலாம். ஈரத்தை உறிஞ்ச வேண்டும் என்றால் துளைகள் வரிசையில் நிற்கின்றனவா என்று தண்ணீர் மூலக்கூறு கவலைப்படாது. மருந்துத் தொழிலில்கூட கரையாத மருந்துகளைத் தாங்க ஒழுங்கற்ற துளை கொண்ட சிலிக்காக்கள் ஏற்கெனவே விற்பனைக்கு இருக்கின்றன.

ஆக, ஒரு கம்பெனி கேட்கும் கேள்வி ரொம்ப சிம்பிள்: “ஒழுங்கு அழகாகத்தான் இருக்கிறது. அதற்காக நான் எவ்வளவு அதிகம் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?”

30 ஆண்டுகளில் பெரும்பாலான பயன்பாடுகள் இந்தக் கேள்வியில்தான் தோற்றிருக்கின்றன.

ஜெயித்த இடம் ஒன்று உண்டு

கதை முழுக்கச் சோகம் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஹவியர் கார்சியா-மார்டினஸ் வேறு மாதிரி யோசித்தார். புதிதாக மீசோபோரஸ் சிலிக்கா செய்து அதை எண்ணெய் ஆலைக்குப் பழக்குவதைவிட, ஏற்கெனவே ஆலையில் உழைக்கும் ஜியோலைட்டுக்குள் அதே சோப்பு டெக்னிக்கில் கொஞ்சம் பெரிய துளைகளைப் போட்டால் என்ன?

அது வேலை செய்தது. பெரிய மூலக்கூறுகள் நுழைய அகலமான வழி கிடைத்தது, படிகத்தின் உறுதியும் கைவிட்டுப் போகவில்லை. ரைவ் டெக்னாலஜி என்ற நிறுவனம் உருவானது. அதன் வினையூக்கிகள் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போயின. 2019-ல் வினையூக்கித் துறையின் பெரிய நிறுவனமான டபிள்யூ.ஆர்.கிரேஸ் அதை வாங்கியது.

இங்கே ஏன் ஜெயித்தது? கொடுத்த காசுக்குப் பதில் இருந்தது. ஒரு சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பீப்பாய்க்குச் சில காசு அதிகம் கிடைத்தாலே ஆண்டுக்குப் பெரிய தொகை. ஆலையையும் மாற்ற வேண்டியதில்லை, பழைய பொடியை எடுத்துவிட்டுப் புதுப் பொடியைக் கொட்டினால் போதும்.

நம்ம ஊர் உமி கைகொடுக்குமா?

மீசோபோரஸ் சிலிக்கா பற்றி இந்தியாவில் வரும் ஆய்வுகளில் அடிக்கடி ஒரு தலைப்பைப் பார்க்கலாம்: நெல் உமியிலிருந்து எம்சிஎம்-41. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. தஞ்சை, திருவாரூர் பக்கம் அரிசி ஆலைகளுக்கு உமிச் சாம்பலை எங்கே கொட்டுவது என்பதே பிரச்சினை. காசு கொடுத்து வாங்கும் டிஇஓஎஸ்-க்குப் பதில் அதைப் பயன்படுத்தினால் என்ன?

வேதியியல்படி தாராளமாகச் செய்யலாம். சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தால் சோடியம் சிலிகேட் கிடைக்கும், அதையே சிலிக்கா மூலமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை மட்டும்: உமியை 700 டிகிரிக்குக் கீழ் எரிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சிலிக்கா படிகமாகிவிடும். கரைப்பது கஷ்டம், அந்தத் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்கும் கெடுதல். ஆலை பாய்லரில் நடப்பது என்னவென்றால், நீராவிக்காக எரிக்கிறார்கள், சாம்பலின் தரத்துக்காக இல்லை. வெப்பம் எவ்வளவு போகிறது என்பதைச் சாம்பலை மனதில் வைத்து யாரும் கட்டுப்படுத்துவதில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சமையல் குறிப்பை மறுபடி பாருங்கள். தலைவலி அச்சுதான், சிலிக்கா இல்லை. சிலிக்கா என்பது அடிப்படையில் மணல். சோடியம் சிலிகேட் ஏற்கெனவே சோப்பு, அட்டைப்பெட்டித் தொழில்களில் மலிவாகப் புழங்கும் சரக்கு. உமி வந்து மலிவான பாதியை இன்னும் கொஞ்சம் மலிவாக்குகிறது. அச்சும் அடுப்பும் கழிவுநீரும் அப்படியே இருக்கின்றன. உமியோடு சேர்த்து அச்சை மீட்கும் வழியையும் கண்டுபிடிப்பவர்தான் உண்மையில் ஆட்டத்தை மாற்றுவார். டயாட்டம் என்ற ஒரு செல் பாசி, கடலின் சாதாரண வெப்பத்திலேயே, எந்த அடுப்பும் இல்லாமல், வரிசையான துளைகள் கொண்ட சிலிக்கா ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அறை வெப்பத்தில் சிலிக்கா செய்யும் முயற்சிகளும் நடக்கின்றன.

சரி, இதற்கும் நோபலுக்கும் என்ன சம்பந்தம்?

எம்ஓஎஃப் இப்போது நிற்கும் இடத்தில்தான் மீசோபோரஸ் சிலிக்கா அன்று நின்றது. எண்களும் அதே மாதிரி மயக்கும். சில எம்ஓஎஃப்களின் மேற்பரப்பு கிராமுக்கு 7,000 சதுர மீட்டர், அதாவது 31 கிரவுண்ட்! பாலைவனக் காற்றிலிருந்து குடிநீர் எடுத்துக் காட்டினார் யாகி. வீட்டில் குழாய் வசதி இல்லாமல் ஜோர்டானில் வளர்ந்தவர் அவர்.

ஆனால் பழைய இடிப்புகள் இங்கேயும் இருக்கின்றன. புகழ்பெற்ற எம்ஓஎஃப்-5 சாதாரணக் காற்றின் ஈரத்திலேயே உடையத் தொடங்கிவிடும். பல வகைகளுக்கு விலை உயர்ந்த கரிம மூலக்கூறுகளும் தீங்கான கரைப்பான்களும் தேவை.

அப்படியானால் தொழிற்சாலை வரை போன எம்ஓஎஃப் எது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பிறந்த கால்ஃப்-20. ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்க ஸ்வான்ட்டே நிறுவனம் அதைப் பயன்படுத்துகிறது. ஆண்டுக்குச் சில நூறு டன் அளவில் தயாரிப்பதாக ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் 2023-ல் அறிவித்தது. இதன் மேற்பரப்பு எவ்வளவு தெரியுமா? கிராமுக்குச் சுமார் 530 சதுர மீட்டர்தான். 31 கிரவுண்ட் வைத்திருக்கும் நட்சத்திரங்கள் லேபில் இருக்க, ஷூ பொட்டலத்தைவிடக் குறைந்த இடம் வைத்திருக்கும் இது வேலைக்குப் போயிருக்கிறது.

காரணம் எளிது. மலிவான சரக்கு, எளிய செய்முறை, நீராவியில் திரும்பத் திரும்ப நனைத்தாலும் உடையாத உடம்பு. எம்சிஎம்-41 எந்தத் தேர்வில் தோற்றதோ அதே தேர்வில் இது பாஸ்.

அடுத்த முறை ‘அதிசயப் பொருள்’ செய்தி வந்தால்...

வாட்ஸ்அப்பிலோ, கேம்பஸ் இன்டர்வியூவிலோ, முதலீடு கேட்டு வரும் ஸ்டார்ட்-அப் பிரசன்டேஷனிலோ இந்த மாதிரி பொருள் பற்றிக் கேள்விப்பட்டால் நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம்:

1. ஒரு கிலோ செய்ய எத்தனை கிலோ சரக்கு எரிகிறது, கரைகிறது, கழிவாகிறது?
2. வேலை செய்யும் இடத்தில் ஈரம், ஆவி, சூடு எவ்வளவு? அங்கே எத்தனை சுற்று தாங்கும்?
3. இதே வேலையைச் சுமாராகச் செய்யும் மலிவான பொருள் எது? அதைவிட இது எவ்வளவு மேல்?
4. இதுவரை செய்த அதிகபட்ச அளவு எவ்வளவு? கிராமா, கிலோவா, டன்னா?

‘கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர்’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அது தலைப்புக்கு வரும் எண், தொழிற்சாலைக்கு வரும் எண் இல்லை.

மீசோபோரஸ் சிலிக்காவுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. கரையாத மருந்தைக் கரைய வைப்பது போன்ற இடங்களில் ஒரு மாத்திரைக்குச் சிறிதளவு பொடி போதும். பொடி விலை அதிகம் என்றாலும் மருந்தின் விலையில் அது அடங்கிவிடும். துளை ஒரே அளவில் இருப்பதும் அங்கே நிஜமாகவே தேவை. ஒவ்வொரு மாத்திரையும் ஒரே வேகத்தில் கரைய வேண்டும் அல்லவா? சிலிக்கா உணவிலும் மாத்திரைகளிலும் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பொருள் என்பது கூடுதல் பலம். ஸ்வீடனில் மீசோபோரஸ் சிலிக்காவை ஆண்களுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. பாதுகாப்பாக இருந்தது, உடல் நன்றாகவே ஏற்றுக்கொண்டது என்பது அதன் முடிவு. ரத்தத்தில் ஊசியாகப் போடும் புற்றுநோய் மருந்துகளுக்கு இன்னும் நீண்ட பரிசோதனை பாக்கி இருக்கிறது.

அதுவரை, ஷூ பெட்டிப் பொட்டலத்தை உடனே தூக்கிப் போட வேண்டாம். மழைக்காலத்தில் கேமரா பையிலோ சர்டிபிகேட் ஃபைலிலோ போட்டுவைக்கலாம். ஈரம் குடித்துக் களைத்துவிட்டால் பொட்டலத்தைப் பிரித்து மணிகளை மட்டும் ஒரு தட்டில் கொட்டி 110, 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் காயவைத்தால் மறுபடி வேலைக்குத் தயார். நிறம் மாறும் நீல நிற மணிகள் என்றால் வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கும். மூன்று கிரவுண்ட் நிலம், விலை கிட்டத்தட்ட இலவசம். லேபில் பிறக்கும் ஒவ்வொரு புதிய துளைப் பொருளும் முதலில் ஜெயிக்க வேண்டியது இதைத்தான்.